அலமாரியில் மூன்று கடிதங்கள்

மரியே வாழ்க

சாரம், புதுச்சேரி
12.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லூர்துநாதன் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மடத்தில் மதரும் மற்றச் சகோதரிகளும் சுகம்தானே? திருவருகைக் காலம் முடிந்து நீ போட்ட கிறிஸ்துமஸ் அட்டை மூன்று ராஜாக்கள் திருநாளன்றுதான் வந்து சேர்ந்தது. அதில் என் மூட்டுவலிக்கு எழுதியிருந்த முருங்கைக்கீரைச் சூப்பை விடாமல் குடிக்கிறேன். ருசியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஒரு செய்தி. போன சனிக்கிழமை மெரின் பெங்களூரிலிருந்து வந்தாள். மாப்பிள்ளை விஜய்க்கு வேலை அதிகமாம், வரவில்லை. இரண்டு வாரம் இருப்பாளாம். மூன்று பெட்டிகளும் ஒரு நாய்க்குட்டியும் கொண்டுவந்திருக்கிறாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் கிடந்த குட்டியாம். மூன்று மாதம் இருக்கும். டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பன்னின் நிறம். பெயரும் பன்தான்.

எங்கள் நாய் சொல்தாவை நீ படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாய். ஒன்பது வயதாகிறது. தெருவில் இன்னொரு நாய் தலைகாட்டினால் போதும், வீடு இரண்டுபடும். தபால்காரர், பால் வண்டி, குடை பிடித்த ஆள் யாரையும் விடமாட்டான். ஆறேழு மாதமாக இது இன்னும் கூடியிருக்கிறது. வயதானால் எல்லோருக்கும் கோபம் கூடும்தானே. என்னையே எடுத்துக்கொள்.

அவன் கூடத்து வாசலில் தெருவைப் பார்த்துப் படுத்திருப்பான். அவனுக்கு இடப்பக்கம் மெரினின் அறை. வந்த அன்றே பன் அந்த அறையிலிருந்து உருண்டு ஓடிவந்து நேராக அவன் கழுத்தில் போய் விழுந்தது. அப்புறம் எழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆதிமூலம் சுவரேறி எட்டிப் பார்த்து, "என்ன வாத்யாரே, திருடன புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். பன்னின் காதில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

நான் கவலைப்படவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஜூன் மாதம் புதுப் பையன் வந்தால் ஜன்னலோரத்துப் பையன் முறைப்பான். ஜூலையில் இருவரும் ஒரே மாங்காயைக் கடிப்பார்கள். முப்பத்தைந்து வருடம் பார்த்தது.

உன் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

தம்பி,
லூர்து


கார்மேல் மடம்
22.01.2025

அன்புத் தம்பி லூர்துவுக்கு,

ஆண்டவர் உன்னையும் மெரினையும் காக்கட்டும். உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். சிறுமலைப் பக்கமிருந்து குளிர் இறங்குகிறது. மாட்டுக்கொட்டில் இன்னும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. செவலை கன்று போட்டிருக்கிறாள்.

சைகோன் வரை போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த அப்பாவை ஊரே சொல்தா என்று கூப்பிட்டது. அந்தப் பெயரை நாய்க்கு வைத்தவன் நீ. அப்பா இருந்திருந்தால் நாயை விட்டுவிட்டு உன்னைத்தான் கட்டிப்போட்டிருப்பார். ஆனால் நீ எழுதுவதைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அப்பாவும் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்தால் திட்டாமல் விட்டதில்லை.

லூர்து, மூன்று பெட்டி என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரத்துக்கு மூன்று பெட்டியா? மாப்பிள்ளை போன் பண்ணுகிறாரா?

நேற்று ஒரு காரியம் செய்துவிட்டேன். பால் கறந்து எழுந்தபோது ஓர் இளம் சகோதரி பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. திரும்பினேன், பால் அத்தனையும் அவள் அங்கியில். "பூனை மாதிரி ஏம்மா வர்ற?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை மத்தியானம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

குட்டியை அடிக்காதே. பெரியவனையும்.

செபத்தில் மறவாத,
அக்கா சூசைமேரி


மரியே வாழ்க

சாரம்
04.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம், மெரின் நலம். செவலையின் கன்று எப்படி இருக்கிறது? அங்கே குளிர் குறைந்ததா?

இங்கே நாய் டாக்டர் துர்கா என்று ஒரு பெண் இருக்கிறார். சின்ன வயது, ஆனால் பேச்சு கறார். சொல்தாவைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். வாய்க்கூடு போட்டும் அவன் முகத்தை மட்டும் தொடவிடவில்லை. ஊசி போட்டுவிட்டு, கட்டாயப்படுத்த வேண்டாம், பழகட்டும் என்று சொல்லி, எனக்கு ஒரு பாடத்திட்டமே கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் வாசனை. பன் படுத்த துணியைச் சொல்தாவின் இடத்திலும் அவன் துணியைப் பன்னின் இடத்திலும் மாற்றிப் போட வேண்டும். பிறகு மெரினின் அறை வாசலில் இடுப்பளவு மரத்தடுப்பு. இரண்டு பேரும் தடுப்பின் இரு பக்கமும் தனித்தனித் தட்டில் சாப்பிட வேண்டும். அப்புறம் இருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் தூரம் விட்டு நடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

"அவசரப்படாதீங்க சார். மாசக் கணக்குல ஆவும்" என்றார். நான் எழுத்துக்கு முன்னால் கோடு போடச் சொல்லிக் கொடுத்தவன், எனக்கு அவசரமா?

சொல்தாவுக்கு மதிப்பெண் ஏடு ஒன்று தொடங்கியிருக்கிறேன். தடுப்புக்கு நேரெதிரே குட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட நாளில் நூற்றுக்கு எழுபது. மறுநாள் அவன் தெருவைப் பார்த்துப் படுத்திருந்தபோது பன் தடுப்பின் ஓரத்தில் மூக்கை நீட்டியது. பாய்ந்து மரத்தையே கடித்துவிட்டான். பூஜ்யம். திங்கட்கிழமை நல்ல பிள்ளை, செவ்வாய்க்கிழமை ரவுடி. இப்படி ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை.

மெரின் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள். வேலை முடிந்ததும் மாடிக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறாள். மேலே அவள் காலடி, கீழே சொல்தாவின் நகச் சத்தம். தடுப்பின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று நான் பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருப்பது சுவர்க் கடிகாரத்தின் கீழே இருக்கும் நாற்காலி மட்டும்தான்.

தம்பி,
லூர்து


கார்மேல் மடம்
24.02.2025

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. கன்று துள்ளுகிறது. நானும் சுகமே. கோவில் படியில் ஒரு கல் தடுக்கி முழங்காலில் அடி, அதுவும் ஆறிவிட்டது. நாற்பத்து மூன்று வருடம் ஏறி இறங்கிய படி, இப்போது தடுக்குகிறது.

என் எழுத்து உனக்குத் தெளிவாக இருக்கிறதா? இங்கே வெளிச்சம் போதவில்லை.

டாக்டர் அம்மா சொன்னபடி செய். மதிப்பெண் ஏடு நல்லது. ஆனால் மதிப்பெண்ணை மட்டும் எழுதாதே, அன்று என்ன நடந்தது என்பதையும் எழுது. பூஜ்யம் வாங்கிய பையனிடம் நீ முதலில் கேட்பது அதைத்தானே.

பெட்டி விஷயத்துக்குப் பதில் இல்லை. இரண்டு வாரமும் ஏழு வாரமாகிவிட்டது. சரி.

மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் படிக்கவும் அனுமதியில்லை என்பது உனக்குத் தெரியும். வருவதெல்லாம் மதரின் அலமாரியில் இருக்கும். என் மௌனத்தைக் கோபமென்று நினைக்காதே. ஒவ்வொரு நாளும் உங்கள் மூவரையும், இல்லை, குட்டியோடு சேர்த்து நால்வரையும், செபத்தில் வைத்திருப்பேன்.

அக்கா


மரியே வாழ்க

சாரம்
09.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் தேவலையா? இந்தக் கேள்விக்கு ஏப்ரல் கடைசியில்தான் பதில் வரும் என்று தெரிந்தே கேட்கிறேன். இந்தக் கடிதம் ஆறு வாரம் அலமாரியில் கிடக்கும். அந்தத் தைரியத்தில் சிலவற்றை எழுதுகிறேன்.

மெரினிடம் கேட்டேன். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டே, "விஜய் எப்பம்மா வராரு?" என்றேன். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நீங்க கேக்காம இருந்தா இங்க இருக்கேன்ப்பா. கேட்டா லாஸ்பேட்டையில ஒரு ரூம் பாத்துக்குறேன். பன்ன இன்னொரு தடவ அவன் கடிச்சாலும் அதேதான். என்னால ரெண்டு எடத்துல பயந்துகினு இருக்க முடியாது."

ரெண்டு எடம் என்று அவள் சொன்னதை நான் மறுபடி கேட்கவில்லை. மெரினின் அம்மா ஸ்டெல்லா கண்மூடிய பிறகு ஆறு வருடம் நானும் சொல்தாவும்தான் இந்த வீட்டில். இப்போது மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. அது நின்றுவிடக் கூடாது, அக்கா. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நீ சொன்னபடி என்ன நடந்தது என்பதையும் எழுதிவருகிறேன். மைதானத்துச் சாலையில் காலை ஆறு மணிக்கு நடக்கிறோம். செவ்வாய்: மெரினும் பன்னும் எங்களுக்கு வலப்பக்கம், பத்தடி தள்ளி. சொல்தா இரண்டு முறை பார்த்தான், நடந்தான். எண்பது. புதன்: அந்தப் பக்கம் ஒரு லாரி நின்றதால் இடப்பக்கம் மாறி வந்தார்கள். அவன் கயிற்றை இழுத்து என்னையே கீழே தள்ளப் பார்த்தான். பூஜ்யம். வியாழன்: மறுபடி வலப்பக்கம். எண்பத்தைந்து. வெள்ளி: பன் அறையிலிருந்து தடுப்பைத் தாண்டிக் குதித்தது. நல்லவேளை, வாய்க்கூடு இருந்தது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. டாக்டர் அம்மாவின் பாடத்திட்டத்தில் என்னவோ ஒரு பாடம் குறைகிறது என்று தோன்றுகிறது. என் வகுப்பில் இளஞ்செழியன், ஹரிகிருஷ்ணன் என்று இரண்டு பேர் தினமும் ரத்தம் வரச் சண்டை போடுவார்கள். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து ஒரே புத்தகத்தைக் கொடுத்தேன். ஒருவன் பக்கத்தைத் திருப்பினால்தான் இன்னொருவன் படிக்க முடியும். ஒரே வாரம். பின்னால் ஒருவன் கல்யாணத்துக்கு இன்னொருவன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி,
லூர்து


சாரம்
18.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லூர்து சொல்ல மெரின் எழுதுகிறாள். நாங்கள் நலம். தோட்டத்தில் செடி வெட்டும்போது கத்தரிக்கோல் பட்டு என் வலது கையில் சிறு காயம். பயப்பட ஒன்றுமில்லை. சொல்தாவும் பன்னும் மெல்லப் பழகிவருகிறார்கள். தவக்காலத்தில் உடம்பைப் பார்த்துக்கொள். ஒருசந்தி நோன்பு இருக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதே.

தம்பி,
லூர்து

அத்தை, மேலே இருப்பது அப்பா சொன்னது. அப்பா குளிக்கப் போயிருக்கிறார். இனி எழுதுவது நான்.

கத்தரிக்கோல் இல்லை. சொல்தா. உள்ளங்கையில் ஆறு தையல். பன்னுக்குத் தோளில் மூன்று.

போன வியாழக்கிழமை நான் ஒரு மீட்டிங்கில் இருந்தபோது அப்பா வாய்க்கூட்டைக் கழற்றிவிட்டு, முற்றத்தில் ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் போட்டு இரண்டையும் கூப்பிட்டிருக்கிறார். ஒரே தட்டு. நான் சத்தம் கேட்டு ஓடினேன். சொல்தா தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். பன் அவன் இடது தோளுக்குக் கீழே தலையை நுழைத்தது. அது அங்கே இருப்பதே அதுவரை தெரியாதவன் மாதிரி தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். அப்பா நடுவில் கையை விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் "தெரு நாயா, வூட்டு நாயா?" என்று கேட்டதற்கு அப்பா, "எங்க பையன்தாம்மா. தப்பு எம்மேலதான்" என்றார். ஆட்டோவில் வரும்போது, "ஒரே தட்டுல சாப்ட்டா சரியாப்பூடும்னு நெனச்சேன்டி. எத்தினி பசங்கள பாத்திருக்கேன்" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நான் ஏன் வந்தேன் என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. தினமும் ரொட்டியில் வெண்ணெய் தடவி வைக்கிறார்.

லாஸ்பேட்டையில் ஓர் அறை பார்த்துவிட்டேன். பன்னோடு நான் போய்விட்டால் அப்பாவுக்கும் சொல்தாவுக்கும் பழைய நிம்மதி கிடைக்கும். ஈஸ்டர் முடிந்ததும் சொல்லலாம் என்றிருக்கிறேன். நீங்கள் இதை ஈஸ்டருக்குப் பிறகுதான் படிப்பீர்கள். அதனால்தான் எழுத முடிந்தது.

அப்பா துண்டு கேட்கிறார்.

மெரின்


சாரம்
02.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து. பொறுத்துக்கொள். உடம்புக்குக் குறையில்லை. ஊசி மூன்று முடிந்தது, இன்னும் ஒன்று பாக்கி. ஆமாம், கத்தரிக்கோல் இல்லை. போன கடிதத்தின் உறை கொஞ்சம் கனமாக இருந்தது, அதனால் உனக்கே தெரிந்திருக்கும். மெரின் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அவள் மேசையில் லாஸ்பேட்டை வீட்டுக்காரரின் பெயரும் எண்ணும் எழுதிய தாளைப் பார்த்தேன். அங்கேயே நின்று முடிவெடுத்தேன்.

கனகசெட்டிக்குளத்தில் ராஜவேல் என்று என் பழைய மாணவன். படகு வைத்திருக்கிறான். கரையில் வலைக்கும் இன்ஜினுக்கும் காவலுக்கு நாய் வேண்டும் என்று போன வருடமே கேட்டவன். போன் போட்டேன்.

"குடுங்க சார். நீங்க என்ன பெஞ்சி மேல நிக்க வெச்சத எல்லாம் நான் மனசுல வெச்சிக்கல. நீளமா சங்கிலி போட்டு ராஜா மாதிரி வெச்சிக்கிறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை, சங்கிலி என்ற சொல்தான் நின்றது.

ஈஸ்டர் முடிந்து இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை. அன்று மெரினுக்கு ஆபீஸ் விஷயமாகச் சென்னை போக வேண்டும். அவள் இல்லாத நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். அவள் இருந்தால் விடமாட்டாள். அறையைக் காலி செய்து அவளே போய்விடுவாள்.

இப்போது நான் இதை எழுதும்போது அவன் என் வலது காலருகே என் முகத்தைப் பார்த்தபடி படுத்திருக்கிறான். இடது பக்கம் வரவே மாட்டேன் என்கிறான். கடித்த கைக்கு எதிரே வந்து வந்து நிற்கிறான். கட்டுத் துணியை முகர்கிறான்.

ஒன்பது வருடத்தை யாருக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தாலும் இந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. இடது கை என்பதால் இருக்கலாம்.

லூர்து


அல்லேலூயா

கார்மேல் மடம்
21.04.2025, உயிர்ப்புத் திங்கள்

அன்புத் தம்பி லூர்து,

ஆண்டவர் உயிர்த்தார். உன் கைக்கு என் ஆசீர். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

காலையில் மதர் உன் மூன்று கடிதங்களையும் ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள். ஒரே இருப்பில் படித்தேன். ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களையும் எடுத்து வைத்து மறுபடி பென்சிலோடு படித்தேன். ஒவ்வொன்றாக வந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

முதல் நாள் குட்டி வந்தது மெரின் அறையிலிருந்து. உன் எழுத்துப்படி அது அவனுக்கு இடப்பக்கம். தடுப்புக்கு நேரெதிரே எழுபது வாங்கினான். ஓரத்திலிருந்து மூக்கு வந்தபோது மரத்தைக் கடித்தான். சாலையில் வலப்பக்கம் எண்பது, எண்பத்தைந்து. லாரி நின்ற அன்று இடப்பக்கம், பூஜ்யம். தட்டில் குட்டி தலையை நுழைத்தது இடது தோளுக்குக் கீழே என்று மெரின் எழுதியிருக்கிறாள். உன் காலடியில் எந்தப் பக்கம் படுக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

லூர்து, அவனுக்கு இடது கண் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் வருகிற எதுவும் அவனுக்கு வருவதில்லை, திடீரென்று இருக்கிறது. அவன் கோபத்தில் கடிக்கவில்லை. பயத்தில் கடிக்கிறான்.

ஒரு பஞ்சை எடுத்துச் சத்தமில்லாமல் அவன் வலப்பக்கம் போடு. பிறகு இடப்பக்கம் போடு. கொட்டிலுக்கு வரும் டாக்டர் ஒரு கிழட்டுப் பசுவை அப்படித்தான் சோதித்தார்.

நீ குறித்திருக்கும் நாள் வியாழன். இந்தக் கடிதம் அதற்குள் வராது. மதரிடம் போய் முதல்முறையாகப் போன் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, எண் என்ன என்றார்கள். எனக்குத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக உன் முகவரி மட்டும்தான் மனப்பாடம். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேட்காதே.

அக்கா


சாரம்
24.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு விழா வாழ்த்துகள். கை ஆறிவிட்டது, வலது கையால்தான் எழுதுகிறேன்.

இன்று கொண்டுபோய் விட்டேன். ஆட்டோவில் பிள்ளைச்சாவடி தாண்டும்வரை வெளியே தலையை நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டு வந்தான். எங்கேயோ சுற்றிப் பார்க்க அழைத்துப் போகிறேன் என்று நினைத்திருப்பான். ராஜவேல் நல்ல மீன் குழம்புச் சோறு வைத்தான். தொடவில்லை. கட்டிய இடத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தான். நான் கிளம்பும்போது தலையை ஒருக்களித்து, ஏதோ மூலைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது மாதிரி, என்னைப் பார்த்தான்.

மெரின் சாயங்காலம் வந்தாள். வாசலில் வெறும் பாயைப் பார்த்தாள். "எங்கப்பா?" என்றாள். சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போறதுக்கு ரூம் பாத்து வெச்சிருக்கேன், நீங்க அவன அனுப்பிட்டு வந்து நிக்கிறீங்க. ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்னப்பா?"

கேட்டால் போய்விடுவேன் என்றாயே என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். மாடியில் நடக்கிறாள். கீழே பன் அந்தப் பாயை முகர்ந்து முகர்ந்து கூடத்தைச் சுற்றுகிறது. கொக்கியைப் பார்க்க நான் இன்னும் எழுந்து எழுந்து போகிறேன். அடைக்க யாரும் இல்லை.

லூர்து


மரியே வாழ்க

சாரம்
30.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம். எல்லோரும் சுகம்.

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. மெரின்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பிரித்துப் படித்துவிட்டு என் கையில் கொடுக்கவில்லை. "செருப்ப போடுங்கப்பா" என்றாள். போகிற வழியில் ஆட்டோவில்தான் நான் படித்தேன். பன் அவள் மடியில்.

ராஜவேல் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். "நல்லவேள வந்தீங்க சார். ரெண்டு நாளா சோறு துன்னல. அத பாத்துட்டு எங்க வூட்லயும் சோறு எறங்கல" என்றான்.

பஞ்சைக் கரையில் போட்டுப் பார்க்க முடியவில்லை, கடல் காற்று அள்ளிக்கொண்டு போனது. வலை போட்டு வைக்கும் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினோம். மெரின் அவன் வலப்பக்கம் பஞ்சைப் போட்டாள். விழும்வரை தலை அதோடு இறங்கியது. இடப்பக்கம் போட்டாள். அவன் அசையவே இல்லை. மூன்று தடவை போட்டோம். ராஜவேல், "அய்ய, பாவம் சார்" என்றான். நான் ஒரு வலைக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா, கரும்பலகை தெரியாத பிள்ளையை முதல் வாரத்திலேயே கண்டுபிடிப்பேன். தலையைச் சாய்ப்பான், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவான். பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, முன்பெஞ்சில் உட்கார வைப்பேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு எனக்குப் பெயரே உண்டு. என் வாசலில் படுத்திருந்தவனுக்குப் பூஜ்யம் போட்டேன்.

மெரின் பன்னை வலப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தாள். அவன் பார்த்தான். கொஞ்சம் உறுமினான். முகர்ந்தான். பிறகு பெருமூச்சுவிட்டுப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்சிக் குலாவினார்கள் என்று பொய் எழுத மாட்டேன்.

டாக்டர் துர்கா பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தமாம், போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தில் வலி குறையும் என்றார். அன்றே முகத்தைப் பார்க்காமல் விட்டது தன் தவறு என்று அவரும் வருத்தப்பட்டார். இப்போது அவன் பாயை எதிர்ச்சுவரில், மெரினின் அறை வாசல் நேரெதிரே தெரிகிற மாதிரி போட்டிருக்கிறோம். பன்னின் கழுத்தில் சலங்கை. தனித்தனித் தட்டு. வாய்க்கூடும் தடுப்பும் இன்னும் இருக்கின்றன. அவசரமில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது மெரின், "நான் பெங்களூருக்குத் திரும்பிப் போகலப்பா" என்றாள். சரிம்மா என்றேன். மேலே சொன்னாள். அதை நான் எழுத மாட்டேன். அது அவள் கடிதம், அவளே எழுதட்டும்.

இப்போது உன் விஷயம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. நீ செய்ததையே செய்தேன். உன் கடிதங்களை மேசையில் வரிசையாக வைத்துப் பென்சிலோடு படித்தேன். ஜனவரியில் பக்கத்தில் வந்து நின்றவள் தெரியவில்லை, பால் கொட்டியது. பிப்ரவரியில் நாற்பத்து மூன்று வருடத்துப் படி தடுக்கியது. வெளிச்சம் போதவில்லை என்றாய். ஜனவரிக் கடிதத்தில் வரிக்கு எட்டுச் சொல். ஈஸ்டர் கடிதத்தில் வரிக்கு நான்கு. எழுத்து பெரிதாவதைப் பார்த்தேன், வயது என்று விட்டுவிட்டேன்.

எந்தப் பக்கம், அக்கா?

என் போன் எண்ணைத் தனித்தாளில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். மதரின் அலமாரிக் கதவில் ஒட்டச் சொல்.

தம்பி,
லூர்து


கார்மேல் மடம்
09.05.2025

அன்புத் தம்பிக்கு,

இயேசுவின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். சொல்தா சோறு தின்கிறானா? உன் கை மடக்க வருகிறதா?

இடது. தீபாவளிக்கு முன்பிருந்தே. சொன்னால் கொட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. உன் கடிதத்தை மதரிடம் நானே படிக்கக் கொடுத்தேன். அடுத்த வாரம் மதுரைக்குக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். உன் நாய்க்குச் சொன்னதையே எனக்கும் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு கண் இருக்கிறது.

ஜூனில் நீயும் மெரினும் வருவதாக அவள் எழுதியிருக்கிறாள். அவள் கடிதம் நீளம், நல்ல கடிதம், என்னிடமே இருக்கும். பார்வையாளர் அறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன். என் வலது உனக்கு இடது. வாத்தியாருக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

சலங்கை விஷயத்தை மட்டும் இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே. அந்த இளம் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டு, காரணத்தையும் சொன்னேன். மறுநாளிலிருந்து கொட்டிலுக்கு வரும்போதெல்லாம் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வலப்பக்கமாகச் சுற்றி வருகிறாள். இன்று காலை செவலை ஏழு லிட்டர் கறந்தாள். ஒரு சொட்டு கீழே போகவில்லை.

அக்கா